மகள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே ஒரு ஊர் இருக்கிறது

கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி என்று நம் பக்கத்தில் எந்தத் தெருவை எடுத்துக்கொண்டாலும், அமெரிக்காவில் பிள்ளை இருக்கும் வீடு இன்று ஒன்றாவது இருக்கிறது. பேரனோ பேத்தியோ பிறந்ததும் அந்த வீட்டுப் பெரியவர்கள் விமானம் ஏறுகிறார்கள். அனுமதித்த ஆறு மாதமும் இருந்துவிட்டுத் திரும்புகிறார்கள். பார்க்கப் போனால் காபி கொடுத்து, ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்த சுதந்திர தேவி பொம்மையைக் காட்டுகிறார்கள். "ஊர் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "நல்லா இருந்துச்சு. சுத்தமா இருக்கு. குளிருதான் தாங்கல."

ஆறு மாதம் இருந்த ஊரைப் பற்றி மூன்று வாக்கியம். இதே மனிதர்கள் ஒரு நாள் கல்யாணத்துக்குத் திண்டுக்கல் போய் வந்தால், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் குடும்பக் கதை முதல் பந்தியில் சாம்பார் தீர்ந்துபோனது வரை அரை மணி நேரம் சொல்லக்கூடியவர்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பெரிய நகரம் ஒன்றில் பிள்ளைகளோடு தங்கப் போகும் பெரியவர்கள், உடம்பு இடம் கொடுத்தால், வாரத்தில் ஒரு நாளாவது தனியாக வெளியே போக வேண்டும். பிள்ளைகள் அதற்குத் துணை நிற்க வேண்டும். துணைக்கு வரக் கூடாது.

பெரிய நகரம் என்று குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் பிள்ளைகளில் பலர் நகரத்துக்கு வெளியே புறநகர்க் குடியிருப்புகளில்தான் வீடு வாங்குகிறார்கள். அங்கே கார் இல்லாமல் ஒரு கட்டு கொத்தமல்லி கூட வாங்க முடியாது. பல இடங்களில் நடைபாதையே கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் இருப்பவரைப் போய் "ஏன் வெளியே போகவில்லை?" என்று கேட்பது நியாயமில்லை. ஆனால் நியூயார்க், சிகாகோ, பாஸ்டன், சான் பிரான்சிஸ்கோ, வாஷிங்டன் போன்ற நகரங்கள் வேறு மாதிரி. அங்கே பஸ் உண்டு, ரயில் உண்டு, நடக்க இடம் உண்டு. அங்கே இருந்துகொண்டும் சனிக்கிழமை வரட்டும் என்று ஐந்து நாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் 2019-ல் ஆகஸ்டு முதல் நவம்பர் வரை நியூயார்க்கில் மகள் வீட்டில் இருந்தேன். அப்போது எனக்கு அறுபத்தொன்பது வயது. வீட்டுக்காரி தவறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. மகள் வீடு குயின்ஸ் பகுதியில் ஃப்ளஷிங்கில். மகளும் மருமகனும் காலை எட்டு மணிக்குப் போனால் மாலை ஏழுக்குத்தான் வருவார்கள். பேரன் பள்ளிக்கூடம். "அப்பா, நீங்க தனியா எங்கேயும் போயிடாதீங்க. சனிக்கிழமை நாங்க கூட்டிட்டுப் போறோம்" என்றாள் மகள். அந்த அன்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பிள்ளையோடு போகும்போது நாம் பார்ப்பது ஊரை அல்ல, பிள்ளையின் முதுகை. எங்கே இறங்குவது, எந்தப் பக்கம் திரும்புவது, என்ன விலை என்று எதையும் நாம் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கேட்காதவனிடம் ஊர் பேசாது. நான்காம் நாள் கிளம்பிவிட்டேன்.

இப்போது யூடியூபில் ஒரு பேச்சு அதிகம் கேட்கிறது. வெளிநாட்டு நகரத்தை 'உள்ளூர்க்காரரைப் போலச் சுற்றிப் பாருங்கள்' என்கிறார்கள். அதைத் திறந்து பார்த்தால், கூட்டம் தெரியாத ஓட்டல் எது, மாடியிலிருந்து சூரிய அஸ்தமனம் பார்க்கும் இடம் எது என்ற பட்டியல்தான் இருக்கிறது. உள்ளூர்க்காரர் என்பவர் அப்படிப்பட்டவரா? நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். தேக்கடிக்குப் போகிறவர்கள் வழியில் சுருளி அருவியில் குளித்து, திராட்சைத் தோட்டத்தில் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அவர்களுக்குக் கம்பம் தெரியுமா? தேனியிலிருந்து குமுளி போகும் பஸ்ஸில் வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறி இறங்குகிறவர்களைப் பார்த்தால் கொஞ்சம் தெரியும். விடிவதற்கு முன் ஏலத் தோட்டத்து ஜீப்பில் மலையேறும் பெண்களைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் தெரியும். டீக்கடையில் உட்கார்ந்து, "அணையில இன்னைக்கு எத்தனை அடி?" என்ற கேள்வி காதில் விழுந்து, அது ஏன் முக்கியம் என்று புரிந்தால்தான் இந்த ஊர் புரிந்தது என்று சொல்லலாம். 1895-ல் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக இந்தப் பக்கம் வந்ததால்தான் நம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. பிள்ளைக்கு பென்னிகுயிக் என்று பெயர் வைக்கும் ஊர் இது. தண்ணீரைத் தெரியாமல் இந்த ஊரைத் தெரியாது.

ஆகவே நான் சொல்வது இதுதான். வெளிநாட்டு நகரத்தில் உள்ளூர்க்காரராக வேடம் போட வேண்டாம். நம் ஊர்க்காரராகவே போவோம். நம் ஊரில் எதைக் கேட்போமோ அதையே அங்கேயும் கேட்போம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது? சந்தை எங்கே கூடுகிறது? வேலைக்கு வந்தவர்கள் எந்த ஊர்க்காரர்கள்? இந்த மூன்று கேள்வியோடு போனால், எந்த வழிகாட்டிப் புத்தகமும் காட்டாத ஊர் தெரியும். எனக்குத் தெரிந்த விதத்தைச் சொல்கிறேன்.

முதலில் தண்ணீர். நியூயார்க் தெரு ஓரங்களில் ஒரு ஆள் மார்பு உயரத்துக்கு வெள்ளி நிறத்தில் இரும்புப் பெட்டி ஒன்று கம்பம் போல நிற்கும். யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அதில் எழுதியிருந்ததைப் படித்தேன். குடிநீரை மாதிரி எடுத்துப் பரிசோதிக்கும் இடமாம். நகரம் முழுக்க ஆயிரத்தை ஒட்டி இப்படி நிற்கின்றன. அந்த ஊரைச் சுற்றிக் கடலும் ஆறும் இருந்தாலும் குடிக்கும் தண்ணீர் அங்கிருந்து வருவதில்லை. 125 மைல் தொலைவு வரை உள்ள மலைப்பகுதி நீர்த்தேக்கங்களிலிருந்து வருகிறது. பெரும்பகுதி பம்பு வைத்து இறைக்காமல் தன் இறக்கத்திலேயே ஓடி வருகிறது. அதில் டெலவேர் கால்வாய்ச் சுரங்கம் மட்டும் 85 மைல், உலகிலேயே நீளமானது. தேனியிலிருந்து மதுரை போய், திரும்பவும் பாதி வழிக்கு மேல் வந்துவிடும் தூரம் பூமிக்கு அடியில்! அந்த நீர்த்தேக்கங்களுக்காகக் கிராமங்கள் காலி செய்யப்பட்டன. அங்கேயும் மேட்டில் இருப்பவன் தண்ணீரைப் பள்ளத்தில் இருப்பவன் குடிக்கிறான். அங்கேயும் அந்தப் பேச்சு நூறு வருடமாக இருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஐந்தாம் அவென்யூவில் 42-ம் தெருவில் உள்ள பெரிய பொது நூலகத்துக்குப் போனேன். 1911-ல் திறந்த கட்டடம். வாசலில் இரண்டு கல் சிங்கம். ஒன்றுக்குப் 'பொறுமை' என்றும் மற்றதற்கு 'மனத்திடம்' என்றும் பொருள்படும் பெயர்கள். எல்லோரும் சிங்கத்தோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த நூலகம் நிற்கும் இடத்தில் அதற்கு முன் இருந்தது ஒரு தண்ணீர்த் தொட்டி. 1842-ல் குரோட்டன் ஆற்றிலிருந்து முதன்முதலாக நகரத்துக்கு நல்ல தண்ணீர் கொண்டுவந்தபோது அங்கேதான் தேக்கினார்கள். கோட்டைச் சுவர் போல உயரமான அதன் மதில் மேல் மாலையில் மக்கள் உலாவுவார்களாம். அந்தப் பழைய அடித்தளக் கற்களில் கொஞ்சம் நூலகத்துக்குள் இன்னும் இருக்கிறது. அதைத் தொட்டுப் பார்த்தபோது லோயர் கேம்ப் ஞாபகம் வந்தது. சிங்கத்தோடு நான் படம் எடுக்கவில்லை.

அடுத்தது சந்தை. யூனியன் சதுக்கத்தில் திங்கள், புதன், வெள்ளி, சனி நான்கு நாளும் விவசாயிகள் நேரடியாக விற்கும் சந்தை கூடுகிறது. அங்கே இந்த ஏற்பாடு 1976-ல் தொடங்கியது. நம் உழவர் சந்தை 1999-ல் மதுரையில் தொடங்கியது, எண்ணம் ஒன்றுதான். செப்டம்பர் கடைசியில் அங்கே கருநீலத் திராட்சை குவிந்திருந்தது. கான்கார்டு என்ற வகை. வாயில் போட்டால் தோல் தனியே வழுக்கி வருகிறது, விதை இருக்கிறது, வாசனை மூக்கில் ஏறுகிறது. நம் பன்னீர் திராட்சைக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம்.

விற்றவர் என் வயதுக்காரர். என் ஊரிலும் திராட்சை என்று சொன்னேன். எந்த மாதம் அறுவடை என்று கேட்டார். வருடம் முழுக்க என்றேன். அவர் நான் ஆங்கிலத்தில் தவறாகச் சொல்லிவிட்டதாக நினைத்துத் திரும்பக் கேட்டார். கவாத்து வெட்டினால் நூற்றிருபது நாளில் காய், இரண்டு வருடத்தில் ஐந்து அறுப்பு என்று விரல் விட்டுச் சொன்னேன். "உங்கள் கொடி எப்போது தூங்கும்?" என்று கேட்டார். அவர் ஊரில் பனிக்காலம் முழுக்கக் கொடி இலையுதிர்த்து உறங்குமாம். எங்கள் கொடி தூங்குவதே இல்லை என்றேன். "பாவம்" என்றார். கம்பத்துத் திராட்சைக்காக இரக்கப்பட்ட முதல் மனிதர் அவராகத்தான் இருப்பார். வீட்டுக்கு வந்தும் அதை நினைத்துச் சிரித்தேன். அதற்குப் பிறகு நான்கைந்து முறை அவரிடமே போனேன். ஒரே கடைக்குத் திரும்பத் திரும்பப் போவதுதான் ஊரில் வேர் பிடிக்கும் வழி. பத்து இடத்தை ஒருமுறை பார்ப்பதை விட ஒரு இடத்துக்குப் பத்து முறை போவது மேல்.

மூன்றாவது, வேலைக்கு வந்தவர்கள். இங்கே என் பள்ளிப் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். பெண் எடுத்தது கம்பத்தில். எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றது இந்தப் பள்ளத்தாக்கில். இங்கே அந்தப் பிரெஞ்சுக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. அலுவலகத்தில் கேலி செய்யத்தான் பயன்பட்டது. நியூயார்க்கில் ஹார்லெம் பகுதியில் மேற்கு 116-ம் தெருவில், செனகல் நாட்டுக்காரர்கள் கடைகள் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஒரு துணிக்கடையில் நுழைந்து பிரெஞ்சில் வணக்கம் சொன்னேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நாற்காலி போட்டார்.

என் ஊர் புதுச்சேரி என்றதும் அவருக்குச் சட்டென்று பிடிபடவில்லை. 'கினே' துணி என்றேன். உடனே முகம் மலர்ந்தது. அவருடைய பாட்டி காலத்து நீலத் துணி அது. புதுச்சேரியில் நெய்து அவுரியில் சாயம் தோய்த்து, பிரெஞ்சுக்காரர்கள் கப்பலில் செனகலுக்கு அனுப்பிய துணி. அங்கே அது காசு போலவே கைமாறியது. எங்கள் பக்கத்தில் தறியில் உட்கார்ந்தவனுக்கு அது யார் உடம்புக்குப் போகிறது என்று தெரியாது. அவர் பாட்டிக்கு அது யார் கையிலிருந்து வந்தது என்று தெரியாது. நூறு வருடம் கழித்து இரண்டு பேரின் பேரப்பிள்ளைகளும் நியூயார்க்கில் ஒரு கடைக்குள் உட்கார்ந்து அதைப் பேசினோம். மதியம் பக்கத்து ஓட்டலில் மீன் போட்டு ஆக்கிய சாதம் வாங்கிக் கொடுத்தார். அரிசி நம் நொய். பிரெஞ்சு ஆட்சியில் இந்தோசீனாவிலிருந்து நொய்யரிசி இறங்கிப் பழகியதால் அவர்கள் இன்றும் அதைத்தான் விரும்புகிறார்கள். மருமகன் காரில் போயிருந்தால் அந்தத் தெருவில் நான் இறங்கியே இருக்க மாட்டேன்.

பிரெஞ்சு தெரிந்ததால் உங்களுக்கு நடந்தது, எங்களுக்கு எப்படி என்று கேட்கலாம். ஜாக்சன் ஹைட்ஸ் பக்கம் போனால் காய்கறிக் கடையில் முருங்கைக்காய், வெற்றிலை எல்லாம் கிடைக்கிறது. ஃப்ளஷிங்கில் 1977-ல் குடமுழுக்கு நடந்த பிள்ளையார் கோவில் இருக்கிறது. ஐ.நா.வில் பணியாற்றிய அழகப்பா அழகப்பன் முன்னின்று எழுப்பியது. கீழ்த்தளத்தில் கேன்டீனில் தோசை கிடைக்கும். அங்கே உட்கார்ந்தால் "எந்த ஊரு?" என்ற கேள்வி தானாக வரும். ஆனால் ஒன்று: கோவில் ஒரு வாசல்படிதான். அங்கே பேசிய நம்மவர்களில் சிலர் ஐந்தாறு முறை நியூயார்க் வந்தவர்கள். காரில் கோவில், காரில் வீடு. கோவிலிலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள ரயில் நிலையத்தை அவர்கள் பார்த்ததில்லை.

அந்த ரயிலைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும், போகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால், கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

மன்ஹாட்டன் தீவில் வழி தெரியாமல் போவது கஷ்டம். புதுச்சேரியின் கட்டம் கட்டமான தெருக்கள் 1693 முதல் ஆறு வருடம் அந்த ஊர் டச்சுக்காரர் கையில் இருந்தபோது வரைந்த திட்டத்திலிருந்து வந்தவை. நியூயார்க்கும் முதலில் டச்சுக்காரர் ஊர்தான். ஆனால் அங்கே அவர்கள் விட்டுப்போன தென்முனைத் தெருக்கள் கோணல்மாணல். 1811-ல் போட்ட திட்டம்தான் மீதித் தீவை நேராக்கியது. அவென்யூ என்றால் தெற்கு வடக்கு. தெரு என்றால் கிழக்கு மேற்கு, எல்லாவற்றுக்கும் வரிசை எண். இருபது தெரு நடந்தால் சுமார் ஒரு மைல். பெரும்பாலும் இரட்டைப்படை எண் தெருவில் வண்டிகள் கிழக்கே போகும், ஒற்றைப்படையில் மேற்கே. 843 ஏக்கர் சென்ட்ரல் பூங்காவுக்குள் திசை தெரியாவிட்டால் விளக்குக் கம்பத்தைப் பாருங்கள். அதில் ஒரு எண் இருக்கும். முதலில் உள்ள எண்கள் பக்கத்துத் தெருவின் எண்; கடைசி எண் இரட்டை என்றால் கிழக்குப் பக்கம், ஒற்றை என்றால் மேற்குப் பக்கம். கோப்புக்கு எண் போட்டே வாழ்ந்தவனுக்கு அதைப் பார்த்ததும் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது.

நான் போன காலத்தில் ஒரு பயணத்துக்கு 2.75 டாலர், வாரப் பாஸ் 33 டாலர். வாரப் பாஸ் எடுத்துவிட்டால் எத்தனை முறையும் ஏறி இறங்கலாம். மனசும் கணக்குப் பார்ப்பதை நிறுத்திவிடும். அந்த மெட்ரோ கார்டு விற்பனை 2025-ஓடு முடிந்தது. இப்போது ஓம்னி அட்டையையோ வங்கி அட்டையையோ தட்ட வேண்டும். 65 வயதானவர்களுக்குப் பாதிக் கட்டணமும் உண்டு. அதற்குத் தனியாக விண்ணப்பம் கொடுக்க வேண்டும்.

மூட்டு வலிக்காரர்களுக்கு ரயிலை விட பஸ் நல்லது. பாதிக்கு மேற்பட்ட ரயில் நிலையங்களில் லிஃப்ட் கிடையாது. படி ஏற வேண்டும். பஸ்ஸிலோ, ஓட்டுநரிடம் கை காட்டினால் வண்டியின் முன்பக்கத்தையே தரைக்குப் பக்கமாகத் தாழ்த்துவார். முன் இருக்கை பெரியவர்களுக்கு. தெருவும் கண்ணில் படும். ரயிலில் போனால் நடத்துனர் நடுப்பெட்டியில் இருப்பார். ஒவ்வொரு நிலையத்திலும் அவர் எதிரே தொங்கும் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட பலகையை விரலால் சுட்டிக் காட்டிய பிறகுதான் கதவைத் திறப்பார். வண்டி சரியான இடத்தில் நின்றதா என்று பார்ப்பதற்கான விதி அது. பயமாக இருந்தால் அந்த நடுப்பெட்டியில் ஏறிக்கொள்ளலாம். கூட்டமான வண்டியில் ஒரு பெட்டி மட்டும் காலியாக வந்தால் அதில் ஏறாதீர்கள். ஏசி வேலை செய்யாது, அல்லது நாற்றம் இருக்கும். உள்ளூர்க்காரர்கள் காரணமில்லாமல் இடத்தை விடுவதில்லை.

வெளியே சொல்ல வெட்கப்பட்டு நம்மில் பலர் வீட்டிலேயே இருந்துவிடுவதற்கு ஒரு காரணம் உண்டு. சர்க்கரை வியாதிக்காரர்களுக்குத் தெரியும். கழிப்பிடம் எங்கே? பொது நூலகக் கிளைகள் எல்லாவற்றிலும் இருக்கிறது, காசு கிடையாது. பெரிய நூலகத்தின் பின்னால் பிரையன்ட் பூங்காவில் உள்ள கழிப்பிடத்தில் பூச்சாடியில் புதுப்பூ வைத்திருக்கிறார்கள். கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்திலும் உண்டு. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு பாதை போட்டால் நாள் முழுக்கச் சுற்றலாம். களைத்துப் போனால் ஸ்டேட்டன் தீவுக்குப் போகும் படகில் ஏறி உட்காருங்கள். 1997 முதல் டிக்கெட்டே கிடையாது. 25 நிமிடம் கடல் காற்று. வழியில் சுதந்திர தேவி சிலையும் தெரியும். பிரான்ஸ் கொடுத்த அந்தச் சிலையைக் கூட்டத்தில் வரிசை நின்று பார்ப்பதை விட, வேலை முடிந்து தூங்கி வழியும் ஆட்களுக்கு நடுவில் உட்கார்ந்து பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது. அவர்கள் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாமும் சுருளி அருவிக்கு எத்தனை முறை போகிறோம்?

மூன்றாவது வாரம் ஃப்ளஷிங் நிலையத்தில் ஒரு அம்மா என்னிடம் வந்து, இந்த வண்டி 74-ம் தெருவில் நிற்குமா என்று கேட்டார். வண்டியில் 7 என்ற எண் வைர வடிவத்துக்குள் இருந்தால் விரைவு வண்டி, அங்கே நிற்காது; வட்டத்துக்குள் இருந்தால் எல்லா இடத்திலும் நிற்கும், எதிர் பக்கத்து வண்டியில் ஏறுங்கள் என்றேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார். மனைவி போன பிறகு, யாரோ ஒருவருக்கு நான் தேவைப்பட்டது அன்றைக்குத்தான் என்று தோன்றியது. ஊரைத் தெரிந்துகொள்வது என்பதற்கு என்னிடம் இருக்கும் அளவுகோல் இதுதான்: வழி கேட்டவருக்கு வழி சொல்ல முடிந்ததா?

தனியாக இப்படிப் போவது ஏதோ புதுப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். செட்டிநாட்டுக் கோட்டையூர்க்காரரான ஏ.கே. செட்டியார் 1937-ல் நியூயார்க்கில் புகைப்படக் கலை படித்தார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. அந்த வருடம் அக்டோபர் 2-ம் தேதி, அங்கிருந்து அயர்லாந்து போகும் கப்பலில்தான் காந்தியைப் பற்றி ஆவணப் படம் எடுக்கும் எண்ணம் அவருக்கு வந்தது. அதற்காக நாடு நாடாகத் தனியாக அலைந்து 1940-ல் படத்தை வெளியிட்டார். பிறகு 'குமரி மலர்' நடத்தினார். இன்னொருவர் சோமலெ. அமெரிக்காவைப் பற்றியும் எழுதினார், தமிழ்நாட்டு மாவட்டங்களைப் பற்றியும் தனித்தனியாகப் புத்தகம் எழுதினார். சொந்த மாவட்டத்தைக் கூர்ந்து பார்த்த கண்தான் அந்நிய நாட்டையும் பார்க்கும். செல்போனும் வரைபடமும் இல்லாத காலத்தில் அவர்கள் போனார்கள். பையில் எல்லாம் வைத்திருக்கும் நமக்கு என்ன?

பயம் நியாயமானதுதான். அதைக் கேலி செய்ய மாட்டேன். மருத்துவக் காப்பீடு இல்லாமல் அமெரிக்காவில் கீழே விழுந்தால் பிள்ளையின் சேமிப்பே போய்விடும். காப்பீடு எடுக்காமல் வாசல் தாண்ட வேண்டாம். சட்டைப் பையில் வீட்டு முகவரி, பிள்ளையின் எண், சாப்பிடும் மாத்திரைகளின் பெயர் மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு சீட்டு, பாஸ்போர்ட்டின் நகல், இரண்டு கடலை மிட்டாய் இருக்கட்டும். இருட்டுவதற்கு முன் திரும்பிவிட வேண்டும். நவம்பரில் நாலரை மணிக்கே இருட்டுகிறது. பனி உறைந்த நாளில் கிளம்பவே கூடாது. முதல் நாள் தெருமுனை வரை. மறுநாள் நூலகம் வரை. அடுத்த வாரம் பஸ்ஸில் பத்து நிறுத்தம் போய், அதே பஸ்ஸில் திரும்பி வரலாம். ஆங்கிலம் வராதே என்றால், நியூயார்க்கில் பாதிப் பேருக்கு அது பிறந்த மொழி இல்லை. நம்மைப் போலத்தான் யோசித்து யோசித்துப் பேசுகிறார்கள். நமக்கு அது தைரியம்.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. சின்னமனூர்ப் பக்கம் எனக்கு அக்கா முறை வேண்டும் ஒருவர் இருக்கிறார். வாழைத் தோட்டத்தில் இருபது ஆள் வைத்து வேலை வாங்கியவர். தார் வெட்ட வரும் வியாபாரி அவரிடம் பேசவே யோசிப்பார். அவர் சிகாகோவில் மகன் வீட்டில் இரண்டு முறை ஆறாறு மாதம் இருந்தார். குழந்தையைக் குளிப்பாட்டினார், ரசம் வைத்தார், துணி மடித்தார். கதவைத் தனியாகத் திறந்து கீழே இறங்கியதே இல்லை. போன மாதம் ஒரு விசேஷ வீட்டில் பார்த்தபோது சொன்னார்: "அங்க ஒரு வருசம் இருந்தேன்னு பேரு, தம்பி. அந்த ஊருக்கு நான் வந்தது தெரியாது."

இந்த வார்த்தைதான் என்னை இதை எழுத வைத்தது. அவருக்கு அமெரிக்கா பிடிக்காமல் இல்லை. பிள்ளை மேல் குறையும் இல்லை. இங்கே பத்து பேருக்குப் பதில் சொல்லி வாழ்ந்த ஒருவர், அங்கே போனதும் எல்லாவற்றுக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆறு மாதத்தில் நடையும் குறைகிறது, பேச்சும் குறைகிறது. திரும்பி வந்த பிறகும் அது முழுசாகச் சரியாவதில்லை. நம் பிள்ளைகள் நம்மைப் பத்திரமாக வைத்திருக்க நினைக்கிறார்கள். பத்திரமாக வைப்பது நகைக்குச் சரி.

அக்கா மறுபடி இந்த ஜூனில் போகிறார். சிகாகோவும் கட்டம் கட்டமான நகரம்தான். பெரும்பாலான பஸ்கள் ஒரே சாலையில் நேராகப் போய், நேராகவே திரும்பும். ஜூனில் குளிரும் இருக்காது. கிழக்கே கடல் மாதிரி ஏரி, கரையோரம் மைல் கணக்கில் நடைபாதை. இதைச் சொன்னதும் அக்கா கேட்டார்: "பஸ் நம்பரைப் பெரிய எழுத்தில எழுதிக் குடுத்தா நான் போயிருவேன்ல?"

போய்விடுவார். எனக்குச் சந்தேகமே இல்லை. அங்கே இருக்கும் பிள்ளைகளே, இதைப் படித்தால் ஒரு காரியம் செய்யுங்கள். அம்மா அப்பா வந்து இறங்கிய மறுவாரம், சனிக்கிழமைத் திட்டம் போடுவதற்கு முன், வீட்டுப் பக்கத்தில் நிற்கும் பஸ்ஸின் நம்பரை ஒரு சீட்டில் எழுதி, பயண அட்டையோடு சேர்த்து அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போங்கள்.